“ராத்திரியே வேனில் வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்களாம்!” – வளரிளம் பருவம்: கேள்வி பதில்

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதம் ஆனால் போதும், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி பையன்களைப் பற்றித்தான். இந்த முறை அதிலும் பாதிப் பேர் ‘எங்கேயாவது தங்கவைத்துச் சரிபண்ண முடியுமா’ என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன். ஊர் மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் வேண்டாம்.

மேடம், என் பையனுக்கு 16 வயசு. பதினொண்ணாவது படிக்கிறான். பத்தாவது வரைக்கும் நல்லாப் படிச்ச பிள்ளை. இப்போ பள்ளிக்கூடத்துக்குச் சரியாப் போறதே இல்லை. பையில் கூல் லிப் புகையிலை பாக்கெட் இருந்துச்சு, சட்டையில் கஞ்சா வாடையும் அடிக்குது. கேட்டால் கதவை அறைஞ்சு சாத்துறான். போன வாரம் அவங்க அப்பாவையே பிடிச்சுத் தள்ளிட்டான். நாங்க இரண்டு பேரும் பனியன் கம்பெனியில் வேலை, ஷிப்ட் முடிஞ்சு வர ராத்திரி எட்டாகும். என் நாத்தனார் வீட்டுக்காரர் ஒரு ஹோம் சொன்னார். போன் பண்ணினால் ராத்திரியே வேனில் வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்களாம். மூணு மாசம் நாங்க பார்க்கக் கூடாதாம். ஆறு மாசத்தில் ஆளே மாறி வருவானாம். என் வீட்டுக்காரர் முன்பணம் கட்டத் தயாராகிட்டார், எனக்குத்தான் மனசு கேட்கலை. விடலாமா? – ஒரு தாய், திருப்பூர்

விடாதீர்கள் அம்மா. பணம் இன்னும் கட்டவில்லை என்பது நல்லதாகப் போயிற்று.

அப்படித் தூக்கிக்கொண்டு போகப்பட்ட சில பையன்களிடம் பிற்பாடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். உள்ளே நடந்ததை ஒவ்வொருவன் ஒவ்வொரு மாதிரி சொல்வான். ஒருவனுக்குச் சாப்பாடு நன்றாக இருந்தது, ஒருவனுக்கு அடி விழுந்தது. ஆனால் எல்லோரும் தவறாமல் சொன்ன ஒரு விஷயம், வேன் கதவு சாத்தும்போது அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்ததும் ஒன்றும் சொல்லாமல் இருந்ததும்தான். அந்தப் பையன்களிடம் கஞ்சாவைப் பற்றிப் பேச ஆரம்பிக்கவே எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று, ஏனென்றால் முதலில் அந்த ராத்திரியைப் பேசி முடிக்க வேண்டியிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், 87ஆம் பிரிவு. 18 வயதுக்குக் கீழே உள்ளவரை மனநல மையம் எதிலாவது சேர்க்க வேண்டுமென்றால் காப்பாளர், அதாவது நீங்கள், விண்ணப்பிக்க வேண்டும். பிறகு இரண்டு பேர் அவனைத் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். அந்தப் பரிசோதனை சேர்க்கிற அன்றோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ நடந்திருக்க வேண்டும். வெளியில் இருந்தபடி செய்யக்கூடிய சிகிச்சைகள் பலிக்கவில்லை, அல்லது அவனுக்குப் பொருந்தவே பொருந்தாது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்களோடு சேர்த்துப் படுக்கவைக்கக் கூடாது. சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும், 30 நாளைத் தாண்டினால் வாரியம் தானாகவே மறுஆய்வு செய்ய வேண்டும்.

இதெல்லாம் இருக்கட்டும். அதே பிரிவில் இன்னொன்று இருக்கிறது. சேர்ந்த நாளிலிருந்து வெளியே வரும் நாள் வரை காப்பாளரோ, காப்பாளர் ஏற்பாடு செய்யும் ஒருவரோ பையனோடு கூடவே தங்கியிருக்க வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும். ‘மூன்று மாதம் பார்க்கவே கூடாது’ என்று ஒருவர் சொன்னால் அதற்குமேல் அவரிடம் பேச என்ன இருக்கிறது? போதாக்குறைக்கு, ‘எனக்கு இது சரிவரவில்லை, பையனை அனுப்பிவிடுங்கள்’ என்று நீங்கள் கேட்ட பிறகு அவனை அங்கே வைத்திருக்கவும் முடியாது.

‘நாங்க ஆஸ்பத்திரி இல்லைங்க, ஹோம்தான்’ என்பார்கள். குடி, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைக் கோளாறுகளும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகின்றன, ஆகவே போதை மீட்பு மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்க வேண்டும். இல்லை, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளைச் சும்மா தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் பதிவு இருக்க வேண்டும். இரண்டு சான்றிதழில் எதைக் காட்டுவீர்கள் என்று போனில் கேளுங்கள். பெரும்பாலும் லைன் கட் ஆகிவிடும்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஓர் இடத்தைப் பார்க்கப் போயிருந்தேன், இடம் எது என்று கேட்காதீர்கள். வாசலில் தோட்டம், சாமி படம், சுவர் முழுக்கப் பொன்மொழி. கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. பதிமூன்று வயதிலிருந்து ஐம்பது வயது வரை எல்லோரும் ஒரே ஹாலில், எல்லோருக்கும் ஒரே மாதிரி மொட்டை. கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது, சொந்தத் துணி போட விரும்பினால் தடுக்கக் கூடாது என்று சட்டத்தில் எழுதியே இருக்கிறது. மொட்டைக்கெல்லாம் ஒரு சட்டமா என்று சிரிப்பு வரலாம், அங்கே உட்கார்ந்திருந்த பையன்கள் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தால் வராது. நம் மாநிலத்தில் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோயாளிகளைக் கட்டி வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் சங்கிலியோடு எரிந்து போனார்கள். அவர்களையும் யாரோ ‘குணமாகட்டும்’ என்றுதான் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

சரி, அப்போ என்ன செய்வது? உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் போங்கள். பையன் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போங்கள், அதில் தப்பே இல்லை. 14416க்குப் போன் செய்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவையில் தமிழிலேயே பேசுவார்கள், இலவசம், எந்த நேரமும்.

மருத்துவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே யோசித்து வைத்துக்கொள்ள ஒரு விஷயம். பத்தாவது முடிந்ததும் என்ன மாறியது? அடையாளத்தை மாற்றிச் சொல்கிறேன், உங்கள் பையன் மாதிரியே ஒருவன் வந்தான். பத்தாவது வரை தமிழ் மீடியம், 440 மார்க். உறவுக்காரர்கள் சொன்னார்கள் என்று இங்கிலீஷ் மீடியம் பர்ஸ்ட் குரூப்பில் போட்டுவிட்டார்கள். பிசிக்ஸ் வாத்தியார் சொல்வது ஒரு வரிகூடப் புரியவில்லை. வகுப்பில் எழுப்பிவிட்டு வாசிக்கச் சொன்னதில் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அன்றைக்குக் கட் அடித்துவிட்டுப் போய் உட்கார்ந்த இடத்தில் இருந்தவர்கள்தான் கூல் லிப் கொடுத்தார்கள். அவனை எங்கே கொண்டுபோய் ஆறு மாதம் வைத்தாலும் திரும்பி வரும்போது அதே பிசிக்ஸ் வகுப்பு காத்துக்கொண்டிருக்கும். காமர்ஸ் குரூப்புக்கு, தமிழ் மீடியத்துக்கு மாற்றினோம், வாரம் ஒருமுறை என்னிடம் வந்தான். நடுவில் இரண்டு தரம் மறுபடி வழுக்கினான். இப்போது அவன் கல்லூரியில்.

எல்லாப் பையனுக்கும் பிசிக்ஸ்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. மனச்சோர்வு பெரியவர்களுக்கு அழுகையாக வரும், இந்த வயதுப் பையன்களுக்கு எரிச்சலாகவும் கதவை அறைவதாகவும் வருவது சாதாரணம். சின்ன வயதிலிருந்தே கவனக்குறைவும் துறுதுறுப்பும் இருந்து யாரும் கண்டுபிடிக்காமல் விட்டிருக்கலாம். யாராவது அவனிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்திருக்கலாம். பையனுக்கு அப்படியெல்லாம் நடக்காது என்று நினைத்துவிடாதீர்கள், போக்சோ சட்டம் ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

உள்நோயாளியாக வைத்துத்தான் ஆக வேண்டும் என்கிற நிலைமைகளும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றிருந்தால், காதில் குரல் கேட்கிறது என்றால், வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடும் அளவுக்குப் போயிருந்தால், வீட்டில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளும் அளவுக்கு வந்திருந்தால் தயங்காதீர்கள். கஞ்சாவை நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு வாரம் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, எரிந்து விழுவான், அதை வீட்டிலேயே பெரும்பாலும் சமாளிக்கலாம். ஊசி மாத்திரை அப்படி இல்லை, மருத்துவர் வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப் பிரிவே இருக்கிறது, அங்கே சேர்த்தால் அப்பாவோ அம்மாவோ கூடத் தங்கித்தான் ஆக வேண்டும். வேலூர் சி.எம்.சி.யிலும் இந்த வயதினருக்கு மனநலப் பிரிவு உண்டு. பாதிச் சிகிச்சை கூடத் தங்குகிற அம்மாவுக்குத்தான் நடக்கும். பையன் கத்தினால் நீங்கள் என்ன சொல்கிறீர்கள், அப்பா எப்போது உள்ளே வருகிறார் என்பதையெல்லாம் அங்கேயே பார்த்து, அங்கேயே மாற்றுவார்கள்.

அந்த முன்பணத்தை எடுத்து, இரண்டு மாதம் உங்களில் ஒருவர் சாயங்காலம் ஆறு மணிக்கே வீட்டுக்கு வருவதால் குறையும் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னால் என்மேல் கோபப்படுவார், பரவாயில்லை.

கவுன்சிலிங் என்றால் சும்மா பேசுவதுதானே? அதற்கு ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாயா? எங்கப்பா பெல்ட்டால் வெளுத்ததில்தான் நான் ஆளானேன். – ஒரு தந்தை, மதுரை

அரசு மருத்துவமனையில் இலவசம் சார், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சும்மா பேசுவதுதான். ஆனால் முதல் இரண்டு தடவை பேசுவதுகூடக் கிடையாது. போன மாதம் வந்த ஒரு பையன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் அவன் அம்மாவே பதில் சொன்னார், “இட்லி பிடிக்குமா தோசை பிடிக்குமா” என்றதற்குக்கூட. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேரம் போர்டை எடுத்து வைத்தேன். நாற்பது நிமிடம் விளையாடினோம், ஒரே ஒரு வார்த்தை பேசினான்: “பவுல்.” அதற்கும் காசு வாங்கினீர்களா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

மூன்றாவது தடவை அவனே ஆரம்பித்தான். அதற்கப்புறம் வேலை இருக்கிறது. கோபம் வந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போவோம். கைநீட்டியது எப்போது, அதற்கு முன் என்ன சொன்னார்கள், அதற்கு முன் அவன் உடம்பில் என்ன ஆயிற்று, காலையில் சாப்பிட்டானா, ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தான். நாலைந்து சம்பவத்தை இப்படிப் பிரித்துப் போட்டால் அவனுக்கே ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும். போதையை விடச் சொல்லி நான் கெஞ்சுவதும் இல்லை, மிரட்டுவதும் இல்லை. அதில் உனக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பேன். பெரியவர்கள் யாரும் கேட்டிராத கேள்வி என்பதால் நேர்மையாகப் பதில் சொல்வார்கள். அப்புறம் அதனால் என்ன போயிற்று என்பதை அவன் வாயாலேயே சொல்லவிட்டு நான் சும்மா இருப்பேன். சும்மா இருப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான பகுதி.

பெல்ட் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஆளானது பெல்ட்டாலா, பெல்ட்டையும் தாண்டியா என்று எனக்குத் தெரியாது சார், உங்களுக்கும் தெரியாது. ஆனால் 40 வயதிலும் அந்த பெல்ட் உங்கள் ஞாபகத்தில் இருக்கிறது, கடிதத்தில் வேறு எழுதியிருக்கிறீர்கள். வளர்ந்த பையனை அடித்தால் ஒருநாள் அவன் திருப்பி அடிப்பான், அன்றைக்குப் பிறகு வீட்டில் பேச இடமே இருக்காது. இன்னொன்று, உங்கள் கடிதத்தின் ஓரத்தில் ‘நான் குடிப்பது வேறு விஷயம்’ என்று எழுதிக் கோடு போட்டு அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிகிறது. வேறு விஷயம் இல்லை, அடுத்த முறை பையனோடு நீங்களும் வாருங்கள்.

என் அக்கா அமெரிக்காவில், நியூஜெர்சியில் இருக்கிறாள். அவள் பையனுக்கு 15 வயது, பள்ளியில் சண்டை, வேப்பிங் (மின்சிகரெட்), வீட்டை விட்டு ஓடுவது என்று ஏகப்பட்ட பிரச்சினை. ஆலோசகர் ஒருவர் யூட்டா மாநிலத்தில் காட்டுக்குள் நடத்தும் முகாம், அப்புறம் ஒரு வருடம் தங்கிப் படிக்கும் சிகிச்சை மையம் என்று சொல்கிறாராம். அங்கே என்றால் எல்லாம் ஒழுங்காகத்தானே இருக்கும்? – ஒரு சித்தி, கோயம்புத்தூர்

அங்கேயும் வேன் வருகிறது! ராத்திரியில் ஆள் வைத்துப் பிள்ளையைக் கூட்டிப்போகும் தொழிலே தனியாக இருக்கிறது. ஹோட்டல் குடும்பத்து வாரிசு பாரிஸ் ஹில்டன் பதின்ம வயதில் யூட்டாவில் அப்படி ஓர் இடத்தில் இருந்தவர்தான். அங்கே தான் பட்டதை 2021இல் மாநிலச் சட்டமன்றக் குழு முன் சொன்னார், அந்த வருடமே யூட்டாவில் புதுச் சட்டம் வந்தது. வருடத்துக்கு நான்கு முறை ஆய்வு, பிள்ளை வாரம் ஒருமுறை வேறு யாரும் கேட்காமல் குடும்பத்தோடு பேசும் உரிமை என்று அதில் சேர்த்தார்கள். 2024 டிசம்பரில் மத்திய அளவில் ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று, அது முக்கியமாக இந்த இடங்களில் என்ன நடக்கிறது என்று ஆய்வு செய்யச் சொல்லும் சட்டம். நன்றாக நடக்கிற இடங்களும் அங்கே உண்டு. அக்கா அதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், முதல் வாரத்திலிருந்தே பையனோடு தனியாகப் பேச முடியுமா, குடும்பத்துக்கான அமர்வு வாரா வாரம் உண்டா, உரிமம் பெற்ற மருத்துவர் யார், மையத்திலிருந்து ஆலோசகருக்கு ஏதாவது பணம் வருகிறதா என்று கேட்கட்டும். கடைசிக் கேள்வியைச் சங்கடப்படாமல் கேட்க வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று உண்டு. முரட்டுப் பையன்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவிலேயே மாசசூசெட்ஸில் 1939இல் ஒரு பெரிய முயற்சி ஆரம்பித்தார்கள். 506 பையன்கள், ஒரே மாதிரிப் பின்னணியுள்ள இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவனுக்கு ஆலோசகர், படிப்பு உதவி, கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள், இன்னொருவனை அவன் பாட்டுக்கு விட்டுவிட்டார்கள். 30 வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் தேடிப் பிடித்துப் பார்த்தால், உதவி பெற்றவர்களில் ஆலோசகரைப் பற்றி நல்லபடியாகச் சொன்னவர்கள் நிறைய, ஆனால் வாழ்க்கைக் கணக்கில் அவர்கள்தான் மோசமாகப் போயிருந்தார்கள். பிறகு கணக்கைப் பிரித்துப் பார்த்ததில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோடை முகாமுக்குப் போனவர்களிடம்தான் அந்தக் கெடுதல் அதிகம் தெரிந்தது. பையன்கள் ஒருவருக்கொருவர் வாத்தியார்கள் ஆகிவிடுகிறார்கள், ஒருவன் செய்த தப்பைச் சொன்னதும் மற்றவர்கள் சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்பே பாடம். நம்மூர் ஹாஸ்டல்களில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அக்கா நாட்டில் சிகிச்சையாளர் வீட்டுக்கே வந்து பையன், பெற்றோர், பள்ளி, கூட்டாளிகள் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் ‘மல்ட்டிசிஸ்டமிக் தெரபி’ என்று ஒன்று இருக்கிறது. காட்டு முகாமுக்குச் செக் எழுதுவதற்கு முன் பக்கத்தில் அது கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பேரனைக் கொஞ்ச நாள் கூர்நோக்கு இல்லத்தில் விட்டால் பயம் வந்து திருந்துவானா? – ஒரு பாட்டி, தஞ்சாவூர்

அது நாம் கொண்டுபோய் விடுகிற இடம் இல்லை பாட்டி. குற்றவழக்கில் சிக்கிய, 18 வயது ஆகாத பிள்ளைகளை இளைஞர் நீதிக் குழுமம் அனுப்பும் இடம். பேரன்மேல் வழக்கு இல்லாதவரை கும்பிட்டுவிட்டு நகருங்கள். அவனுக்குப் போதைப் பொருள் விற்கிறவன் யார் என்று தெரிந்தால் அதைக் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் போதைப் பொருள் கொடுப்பவனுக்கு ஏழு வருடம் வரை சிறை உண்டு.

நான் ஒரு ஹோமில் நாலு மாசம் இருந்துட்டு வந்திருக்கேன். வயசு 17. அங்கே அடிச்சாங்க, மொட்டை போட்டாங்க. இப்போ எதுவும் யூஸ் பண்றதில்லை. ப்ளஸ் டூ பாதியில் போச்சு. அப்பா என் ரூம் தாழ்ப்பாளைக் கழட்டி வச்சிருக்கார். அம்மா டெய்லி என் கண்ணைப் பார்க்கிறாங்க, சிவந்திருக்கான்னு. யாரும் அங்கே என்ன நடந்துச்சுன்னு கேட்கலை. – ஒருவன், சேலம்

நான் கேட்கிறேன் தம்பி. என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வை, தேதி ஞாபகம் இருந்தால் தேதியோடு. எனக்கு அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி. உனக்கு 18 ஆகவில்லை என்பதால் 1098இல் சொன்னால் உன் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு வரை அது போகும். உன்னோடு அங்கே இருந்த சின்னப் பையன்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள் என்றால் சொல்வது நல்லது, ஆனால் எப்போது சொல்வது என்பதை நீ முடிவு செய். ராத்திரி தூக்கத்தில் அந்த இடம் வந்தால், செத்துப்போகலாம் என்று ஒரு நொடி தோன்றினால்கூட, 14416ஐக் கூப்பிடு, வெட்கப்படாதே.

ப்ளஸ் டூ எங்கேயும் போகாது. பள்ளித் தலைமையாசிரியரை அம்மாவோடு போய்ப் பார், திரும்பச் சேர முடியாவிட்டால் தனித்தேர்வராக எழுதலாம். நான்கு மாதம் எங்கே போயிருந்தாய் என்று கேட்கிறவர்களுக்கு ‘உடம்பு சரியில்லை’ போதும், அது பொய்யும் இல்லை.

அம்மா கண்ணைப் பார்ப்பதை நிறுத்தச் சில மாதம் ஆகும், அதை உன்னால் அவசரப்படுத்த முடியாது. தாழ்ப்பாள் விஷயம் மட்டும் இந்த வாரமே பேசலாம். அப்பாவுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டு. சார், தாழ்ப்பாளை மாட்டிவிடுங்கள், ராத்திரி மட்டும் போடாமல் இருக்கட்டும், பகலில் நீங்கள் தட்டினால் அவன் திறக்கட்டும். நான்கு ஸ்க்ரூதான், அவனையே மாட்டச் சொல்லுங்கள், நீங்கள் கதவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.